விறகு அடுக்கிய கழிப்பறையும் என் கைப்பையில் இருந்த சாவியும்

கொஞ்சம் நீளமான பதிவு. சாப்பிடும் நேரத்தில் படிக்கிற விஷயமும் இல்லை. ஓய்வாக இருக்கும்போது படியுங்கள். ஆனால் படித்துவிடுங்கள்.

போன வாரம் ஊர்ப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பந்தி முடிந்து வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தபோது பழைய மாணவன் ஒருவன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். இப்போது திருப்பூரில் சொந்தமாகத் தொழில் செய்கிறான். நல்ல பிள்ளை. ஊர் எப்படி மாறிவிட்டது என்று பேச்சு வந்தது. அப்போது சொன்னான்:

"டீச்சர், கவர்மெண்ட் 12,000 ரூபாய் கொடுத்து வீட்டுக்கு வீடு கக்கூஸ் கட்டிக் கொடுத்தாச்சு. நம்ம ஜனங்க அதுல விறகு அடுக்கி வச்சிருக்காங்க. இவங்களுக்கு எவ்வளவு கொடுத்தாலும் திருந்த மாட்டாங்க."

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. கல்யாண வீட்டில் எதற்கு என்று இருந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு அந்தப் பேச்சு மனசை விட்டுப் போகவில்லை. அவனுக்குச் சொல்ல வேண்டிய பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். தம்பி, நீ படிப்பாய் என்று தெரியும். கோபித்துக்கொள்ளாதே.

முதலில் ஒரு கணக்கு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டுக் கிராமங்களில் 100 வீடுகளை எடுத்தால் 23 வீட்டில்தான் கழிப்பறை இருந்தது. இந்தியக் கிராமங்கள் முழுவதற்கும் அது 31 வீடு. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் வசதி எல்லாவற்றிலும் முன்னால் நிற்கிற நம் மாநிலம் இதில் மட்டும் நாட்டின் சராசரிக்கும் கீழே இருந்தது. அந்த 77 வீட்டில்தான் உங்களில் பாதிப் பேர் வளர்ந்தீர்கள். நானும் அப்படித்தான் வளர்ந்தேன்.

சின்னப் பிள்ளையில் விடிவதற்கு முன்னால் அம்மாவும் பெரியம்மாவும் எங்களை எழுப்பி ஏரிக்கரைக்குக் கூட்டிப்போவார்கள். ரோட்டில் முதல் பஸ் வெளிச்சம் விழுந்தால் பெண்கள் எல்லாரும் சட்டென்று எழுந்து நிற்பார்கள். பஸ் போனதும் உட்காருவார்கள். விடிந்துவிட்டால் அவ்வளவுதான், இருட்டுகிற வரைக்கும் அடக்கிக்கொள்ள வேண்டும். அதற்காகவே சாயங்காலம் தண்ணீர் குடிக்க மாட்டார்கள், ராத்திரி அரை வயிறுதான் சாப்பிடுவார்கள். பெரியம்மா எழுபது வயதுக்கு மேல் ஒரு மழைக்கால ராத்திரியில் கருவேலங்காட்டுப் பக்கம் போகும்போது வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, நாலு மாதம் படுக்கையில் கிடந்து போய்ச் சேர்ந்தார். வயசாகி இறந்தார் என்றுதான் எல்லாரும் சொன்னோம். வீட்டில் ஒரு கழிப்பறை இருந்திருந்தால் இன்னும் பத்து வருஷம் இருந்திருப்பார் என்று அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை.

அரசாங்கம் இந்த விஷயத்தில் கை வைத்தது நேற்று இன்று இல்லை. 1986இல் மத்திய ஊரக சுகாதாரத் திட்டம் வந்தது. 1999இல் முழு சுகாதார இயக்கம் வந்தது. நம் மாநிலத்தில் ஊராட்சிதோறும் மகளிர் சுகாதார வளாகம் கட்டினார்கள். 2012இல் திட்டத்தின் பெயர் மாறியது, 2014 அக்டோபர் 2 அன்று தூய்மை பாரத இயக்கம் வந்தது. அப்போதுதான் வீட்டுக் கழிப்பறைக்கு 12,000 ரூபாய் என்று ஆனது. வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கும், மேலே இருந்தாலும் ஆதிதிராவிடர், பழங்குடியினர், சிறு குறு விவசாயிகள், வீட்டுமனை மட்டும் உள்ள கூலிக்காரர்கள், மாற்றுத்திறனாளிகள், பெண் தலைமையில் உள்ள குடும்பங்கள் எல்லாருக்கும் உண்டு. இது நல்ல காரியம், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஏரிக்கரையில் இன்றைக்கு அந்த வரிசை இல்லை. அதைப் பார்க்கக் கண் கொடுத்து வைத்திருக்கிறேன்.

ஆனால் தம்பி, அந்தப் பணம் எப்படி வருகிறது என்று உனக்குத் தெரியுமா? அதன் பெயர் ஊக்கத்தொகை. பெரும்பாலான இடங்களில் முதலில் நீ சொந்தக் காசைப் போட்டுக் கட்ட வேண்டும். கட்டி முடித்த பிறகு வந்து போட்டோ எடுப்பார்கள், பதிவு செய்வார்கள், அப்புறம் பேங்க் கணக்கில் பணம் ஏறும். உன் மாதிரி கையில் காசு உள்ளவனுக்கு இது ஒரு விஷயமே இல்லை. 100 நாள் வேலைக்குப் போகிறவளுக்கு முதல் 12,000 எங்கிருந்து வரும்?

கல்யாணத்துக்கு மறுநாள் நீ சொன்ன அந்த விறகு அடுக்கிய கழிப்பறையைப் பார்க்கவே போனேன். யார் வீடு என்று கேட்காதே. அவளும் என் மாணவிதான், உனக்கு இரண்டு வகுப்பு முன்னால் படித்தவள். என்னைப் பார்த்ததும் பாயை உதறிப் போட்டு, காபி போட்டுக் கொடுத்தாள். நான் கேட்பதற்கு முன்னால் அவளே சொன்னாள்.

"குழுவுல லோன் எடுத்துத்தான் டீச்சர் கட்டுனேன். மொத்தம் 19,000 ஆச்சு. பணம் எட்டு மாசம் கழிச்சுத்தான் வந்துச்சு. அதுக்குள்ள வட்டியே ஏறிப்போச்சு. கட்டி ரெண்டு வருஷம் நல்லாத்தான் போய்ட்டு இருந்தோம். அந்தப் பெருமழையில குழி ரொம்பி மேல வந்துருச்சு. வீடெல்லாம் நாத்தம். லாரிக்குச் சொன்னா சந்துக்குள்ள வண்டி வராதுன்னுட்டாங்க. ஆள் இறங்கி அள்ளணும்னா யாரை டீச்சர் இறக்கறது? மாமாவுக்கும் முட்டி வலி, குத்துக்காலிட்டு உக்கார முடியல. சரின்னு பூட்டிப் போட்டோம். மழைக்கு விறகு நனையுதேன்னு உள்ள அடுக்கினேன்."

இதில் திருந்தாத குணம் எங்கே இருக்கிறது? கடன் வாங்கிக் கட்டியிருக்கிறாள். இரண்டு வருஷம் குடும்பமே உபயோகப்படுத்தியிருக்கிறது. கெட்டுப்போனதைச் சரி செய்ய வழி தெரியாமல் விட்டிருக்கிறாள். விறகு கடைசியில் வந்தது. நாம் அதை முதலில் பார்த்துவிட்டுச் சிரித்தோம்.

அவள் வீட்டுக் குழியை நானே எட்டிப் பார்த்தேன். ஒரே குழி. நாலு உறை இறக்கி மேலே சிலாப் போட்டு மூடியிருக்கிறார்கள். திட்டத்தில் சொல்லியிருப்பது இரண்டு குழி. நான் பாடம் நடத்தியே பழகினவள், அதனால் இதையும் ஒரு பாடமாகச் சொல்லிவிடுகிறேன்.

இரட்டைக் குழி முறை ரொம்ப எளிமையானது. கோப்பையிலிருந்து வரும் குழாய் ஒரு சின்னத் தொட்டியில் வந்து இரண்டாகப் பிரியும். ஒரு வழியை அடைத்துவிட்டு ஒரு குழியை மட்டும் உபயோகிக்க வேண்டும். குழியின் அடியில் சிமெண்ட் பூசக் கூடாது, சுவரில் ஓட்டை விட வேண்டும், தண்ணீரை மண் உறிஞ்சிக்கொள்ளும். ஐந்தாறு பேர் உள்ள குடும்பத்துக்கு ஒரு குழி நிரம்ப மூன்று வருஷத்துக்கு மேல் ஆகும். நிரம்பியதும் வழியை மாற்றி அடுத்த குழிக்கு விட்டுவிட்டு, முதல் குழியை மூடிய மாதிரியே இரண்டு வருஷம் விட வேண்டும். அதற்குள் அது மக்கி உரமாகிவிடும், நாற்றம் இருக்காது. 2017 பிப்ரவரியில் தெலங்கானாவில் வாரங்கல் பக்கம் கங்காதேவிபள்ளி என்ற ஊரில், அப்போது இந்தத் திட்டத்துக்குப் பொறுப்பாக இருந்த மத்திய அரசுச் செயலாளர் பரமேஸ்வரன் ஐயரே குழிக்குள் இறங்கி அந்த உரத்தை அள்ளிக் காட்டினார். ஜனங்களின் பயம் எங்கே இருக்கிறது என்று தெரிந்துதான் செய்தார்.

நம் பக்கம் கரிசல் மண். தண்ணீரைச் சீக்கிரம் உறிஞ்சாது. இங்கே குழியைச் சற்றுப் பெரிதாக எடுத்து, உறையைச் சுற்றிலும் மணல் போட வேண்டும். செம்மண் பூமிக்குப் போட்ட அளவையே கரிசலிலும் போட்டால் மழைக்காலத்தில் பொங்கத்தான் செய்யும். இதை அவளுக்கு யார் சொன்னார்கள்? கொத்தனாருக்கே யாரும் சொல்லவில்லை. போட்டோ எடுக்க வந்தவர்கள் கதவையும் கோப்பையையும்தான் எடுத்தார்கள். மண்ணுக்குள் இருப்பது போட்டோவில் விழாது.

தண்ணீர்க் கணக்கு இன்னொன்று. சரிவு அதிகமான ஊரகக் கோப்பை வைத்தால் ஒரு தடவைக்கு இரண்டு லிட்டர் போதும். ஐந்து பேருக்கு 10 லிட்டர், ஒரு குடத்துக்கும் குறைவு. கடையில் விற்கிற சாதாரணக் கோப்பையை வைத்தால் ஆளுக்கு ஒரு வாளி, 10 லிட்டர். ஐந்து பேருக்கு 50 லிட்டர், மூன்று குடத்துக்கு மேல். தெருக்குழாயில் அந்தத் தண்ணீரைப் பிடித்துத் தூக்கி வருவது யார்? வீட்டுப் பெண்கள். கோப்பை மாறினால் அவர்கள் இடுப்பில் தினமும் இரண்டு குடம் ஏறும். "ஆம்பளைங்க வெளியிலேயே போய்க்கட்டும்" என்று சில வீடுகளில் பெண்களே சொல்வதற்கு இதுதான் காரணம்.

2019 அக்டோபர் 2, காந்தி பிறந்த 150ஆவது ஆண்டு நிறைவில், கிராமப்புற இந்தியா திறந்தவெளியில் மலம் கழிப்பது இல்லாத நாடு என்று அறிவித்தார்கள். 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு, கிராமங்களில் ஏறக்குறைய நாலில் ஒரு குடும்பம் கழிப்பறை எதையும் உபயோகிக்கவில்லை என்று சொல்கிறது. இரண்டும் அரசாங்கம் சொன்னதுதான். முதலாவது கட்டியதை எண்ணியது. இரண்டாவது, வீட்டுக்குள் போய்க் கேட்டது. வகுப்பில் எத்தனை பேருக்குப் புத்தகம் கொடுத்தோம் என்பதும் எத்தனை பேர் படித்தார்கள் என்பதும் வேறு வேறு கணக்கு. ஆசிரியராக இருந்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

இவ்வளவு நேரம் அரசாங்கத்தையும் உன்னையும் சொன்னேன். இனி என்னைச் சொல்ல வேண்டும். இதை எழுதலாமா வேண்டாமா என்று மூன்று நாள் யோசித்தேன்.

விறகு வீட்டுக்காரியிடம் பேசிவிட்டுக் கிளம்பும்போது அவள் சிரித்துக்கொண்டே கேட்டாள்: "டீச்சர், அந்த பாத்ரூம் சாவி இன்னும் உங்க பேக்லதான் இருக்கா?"

உங்களில் பல பேருக்கு அந்தச் சாவி ஞாபகம் இருக்கும். நான் ஆசிரியர் பயிற்சி முடித்து வேலைக்குச் சேர்ந்தபோது நம் நடுநிலைப் பள்ளியில் கழிப்பறையே கிடையாது. காலையில் வீட்டில் போய்விட்டு வந்தால் சாயங்காலம் வரை தண்ணீர் குடிக்காமல் பாடம் நடத்துவேன். அதனால் வந்த நீர்க்கடுப்பும் காய்ச்சலும் எனக்கும் என் டாக்டருக்கும்தான் தெரியும். தொண்ணூறுகளில் பள்ளிக்குக் கழிப்பறை கட்டினார்கள். இரண்டு அறை. பிள்ளைகளுக்கு விட்ட அறையில் தண்ணீர் கிடையாது, மூன்று மாதத்தில் யாரும் உள்ளே போக முடியாமல் ஆகிவிட்டது. இன்னொன்றை டீச்சர்களுக்கு என்று பூட்டி வைத்துக்கொண்டோம். சாவி என் கைப்பையில் இருக்கும்.

ஒருநாள் மத்தியானம் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி வந்து, "டீச்சர், சாவி" என்று மெதுவாகக் கேட்டாள். முகத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்திருக்க வேண்டும். நானும் பெண்தானே. ஆனால் நான் சொன்னது, "அது டீச்சர்ஸுக்கு. நீ வீட்டுக்குப் போய்ட்டு வா." ஒருத்திக்குக் கொடுத்தால் எல்லாரும் கேட்பார்கள், அழுக்காகிவிடும் என்பதுதான் என் மனசில் இருந்தது. அவள் புத்தகப் பையை முன்னால் மறைத்துப் பிடித்துக்கொண்டு போனாள். அவள் வீட்டிலும் கழிப்பறை கிடையாது என்று எனக்குத் தெரியும்.

அவள் அப்புறம் பள்ளிக்கு வரவில்லை. சடங்கு முடிந்தது, வீட்டில் நிறுத்திவிட்டார்கள். ஒரு தடவை போய்க் கேட்டேன். "பெரிய மனுஷி ஆயிட்டா, எங்கம்மா போவா அங்க?" என்றார் அவள் அம்மா. அதற்கு என்னிடம் பதில் இல்லை. பதில் என் பைக்குள் இருந்தது. அவள் நின்றதற்கு அந்தச் சாவி ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன், வறுமையும் இருந்தது. ஆனால் நான் கதவைத் திறந்து கொடுத்திருக்க வேண்டும். நன்றாகப் படித்த பெண்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கழிப்பறைக்குத் தண்ணீர் எடுத்து ஊற்ற எந்தத் தெருப் பிள்ளைகளை அனுப்பினோம் என்பது உங்களுக்குத் தெரியும். அனுப்பப்பட்டவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். அவர்களிடம் நான் மன்னிப்புக் கேட்கிறேன். "ஆளை இறக்கி அள்ளலாம்" என்று சுலபமாகச் சொல்கிறோமே, அந்தப் பழக்கம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடுக்கும் சட்டம் 2013இல் வந்தது. சாக்கடையிலும் கழிவுத் தொட்டியிலும் இறங்கி இறந்தவர்களின் குடும்பத்துக்கு 2014இல் உச்ச நீதிமன்றம் 10 லட்சம் என்று வைத்ததை 2023இல் 30 லட்சமாக உயர்த்தியது. தொகை ஏறியிருக்கிறது, சாவு நிற்கவில்லை. அதனால், விறகு வீட்டுக்காரி "யாரை டீச்சர் இறக்கறது?" என்று கேட்டாளே, அந்தக் கேள்விக்காகவே அவளை மதிக்கிறேன். ஆளை இறக்குவதைவிடப் பூட்டிப் போடுவது மேல் என்று முடிவு செய்திருக்கிறாள்.

சரி, என்ன செய்யலாம்? என் யோசனையைச் சொல்கிறேன்.

12,000 ரூபாய் 2014இல் வைத்தது. சிமெண்ட், ஜல்லி, கொத்தனார் கூலி எல்லாம் எங்கேயோ போய்விட்டது, இது மட்டும் அப்படியே நிற்கிறது. உயர்த்த வேண்டும். அதைவிட முக்கியம், பாதியை வேலை ஆரம்பிக்கும்போதே கொடுக்க வேண்டும். தவணையாகக் கொடுக்கத் திட்ட விதிகளிலேயே இடம் இருக்கிறது.

இரண்டாவது, புதிதாகக் கட்டுவதற்குக் கொடுக்கிற மாதிரி, கெட்டுப்போனதைச் சரி செய்யவும் கொடுக்க வேண்டும். ஒரு தடவை பணம் வாங்கிய வீடு என்று பெயரை அடித்துவிடுகிறார்கள். ஒற்றைக் குழி வைத்திருக்கிறவருக்கு இரண்டாவது குழி எடுக்க உதவினால், ஏற்கெனவே போட்ட 12,000 உயிர் பெறும். ஊருக்கு இரண்டு கொத்தனார்களைக் கூப்பிட்டு அந்த ஊர் மண்ணுக்கு ஏற்றபடி குழி எடுக்கப் பழக்கினால் போதும்.

மூன்றாவது, முட்டி வலிக்காரர்கள். கிராமத்தில் இன்று மிஞ்சியிருப்பவர்கள் வயசானவர்கள்தான். உட்காரும் கோப்பையும் சுவரில் ஒரு கைப்பிடியும் இல்லாத கழிப்பறை அவர்களுக்குக் கட்டியும் கட்டாத மாதிரிதான்.

நான்காவது, பெரிய தொட்டி கட்டிய வசதியான வீட்டுக்காரர்களே, உங்களுக்கும் இதில் பங்கு உண்டு. லாரி வந்து உறிஞ்சிக்கொண்டு போய் எங்கே கொட்டுகிறது என்று ஒருநாள் பின்னாலேயே போய்ப் பாருங்கள். பல இடங்களில் ஓடையிலும் ஏரியிலும்தான். செங்கல்பட்டுப் பக்கம் கருங்குழியில் கசடு கழிவு சுத்திகரிப்பு நிலையம் வைத்து, லாரியில் வருவதைச் சுத்தம் செய்கிறார்கள். பேரூராட்சி செய்ய முடிந்ததை ஒவ்வொரு ஒன்றியத்துக்கும் ஒன்று என்று செய்ய முடியாதா? கிராம சபையில் எழுந்து கேட்க வேண்டும். தீர்மானமாக எழுதச் சொல்ல வேண்டும்.

இதெல்லாம் அரசாங்கம் செய்ய வேண்டியது. உங்களுக்கும் ஒரு வீட்டுப்பாடம் தருகிறேன், பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது செய்யுங்கள். அப்பா அம்மா இருக்கிற வீட்டின் கழிப்பறைக்குள் நீங்களே போய்ப் பாருங்கள். ராத்திரியில் அங்கே விளக்கு எரிகிறதா? படியில் அம்மா கால் வைத்து ஏற முடிகிறதா? குழி ஒன்றா இரண்டா? கிணற்றிலிருந்தோ அடிபம்பிலிருந்தோ குறைந்தது 10 மீட்டராவது தள்ளி இருக்கிறதா? வீட்டு வேலைக்கும் தோட்ட வேலைக்கும் வருகிறவர்கள் அதை உபயோகிக்க விடுகிறீர்களா? கடைசிக் கேள்விக்கு உண்மையான பதில் சொல்லுங்கள். நான் முப்பது வருஷம் தப்பாகப் பதில் எழுதியவள்.

ஆசிரியராக இருக்கிற என் மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் பள்ளிக் கழிப்பறையின் சாவி உங்கள் பையில் இருந்தால், நாளைக்குக் காலையில் அதை வகுப்பறை ஆணியில் மாட்டுங்கள். பிள்ளை கேட்க வேண்டிய நிலைமையே வரக் கூடாது.

திருப்பூர்த் தம்பிக்கு: நேற்று கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போய் வந்தேன். பின்பக்கம் இரண்டாவது குழிக்கு இடம் இருக்கிறது. பழைய குழியை அப்படியே மூடி வைத்துவிடலாம். உறை, மணல், கூலி, மாமாவுக்கு உட்காரும் கோப்பை எல்லாம் சேர்த்து ஒரு கணக்குக் கொடுத்திருக்கிறார். என் பென்ஷனில் பாதியைப் போடுகிறேன். மீதிப் பாதி உன் பேரில் எழுதி வைத்திருக்கிறேன். அவளுக்குத் தெரிய வேண்டாம். போன் பண்ணு.

விறகை நான் வெளியே எடுத்து வைக்கச் சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்